பக்கத்து லேனில் நின்ற மகனுக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலை நீ ஆரப்பாளையத்தில் கோயம்புத்தூர் பஸ் ஏறும்போது உன்னை வழியனுப்ப நான் வரமாட்டேன். அப்பா வருவார். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, பையன் ஊருக்குப் புதுசு என்று கண்டக்டரிடம் தேவையில்லாமல் சொல்லிவிட்டு, உனக்கென்று வாங்கிய தண்ணீர் பாட்டிலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு பஸ் கிளம்பும்வரை நிற்பார். அந்த நேரத்தில் நான் காளவாசலில், நாம் இருவரும் துப்பாக்கி சுடப் பழகிய அந்த மாடியில், போட்டியில் என் முறை வருவதற்காகக் காத்திருப்பேன். இரண்டு இடத்துக்கும் நடுவே அதிகத் தூரமில்லை. ஆட்டோவில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடலாம். அத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு வராமலிருப்பது எனக்கே பெரிய விஷயமாகத்தான் இருக்கிறது.

இரண்டில் எதையும் நகர்த்த முடியவில்லை. உங்கள் கம்பெனி விடுதியில் ஞாயிறு மாலைக்குள் வந்து சேர்ந்தால்தான் அறை என்று சொல்லிவிட்டார்கள். போட்டிக்கோ காலையிலேயே போய்த் துப்பாக்கியைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும், நடுவில் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். இதை நான் சொன்னபோது நீ காலணிக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாய். "சரிம்மா" என்றாய். தலையை நிமிர்த்தவில்லை. அந்தச் 'சரிம்மா'வுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த வாரம் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். நேரில் கேட்கலாம். ஆனால் நீயும் நானும் பேச உட்கார்ந்தால் ஒருவர் அடுப்பைப் பார்ப்போம், மற்றவர் போனைப் பார்ப்போம். எழுதினால்தான் எனக்கு வாய் திறக்கும் என்பது உனக்குத் தெரியும்.

பேரையூரிலிருந்து உன் அத்தை போன் செய்தாள். அப்பாவே சொல்லியிருப்பார். "ஏன் மதினி, பிள்ள மொத மொத வேலைக்குப் போறான். திருநீறு பூசி அனுப்ப ஒரு அம்மா வேணாமா? அம்புட்டு அவசரமா யாரச் சுடப் போறீக?" என்றாள். "குறி அட்டையத்தான்" என்றேன். "அட்ட எங்கயும் ஓடிப் போகாது. பிள்ளதான் போறான்" என்றாள். அப்பா போனைப் பிடுங்கி, "நீ வையி ஆத்தா. அவளக் கோவப்படுத்தாத. வீட்லயே பிராக்டிஸ் பண்ண ஆரம்பிச்சிட்டா என் கதி என்னாவறது?" என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சமையலறைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "நெசமாவே வரலயா?" என்றார். "வரல" என்றேன். "அழுவானோ?" என்றார். "அவனா, நீங்களா?" என்றேன். அவர் கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து ஆய ஆரம்பித்துவிட்டார்.

உனக்கு இது எங்கே தொடங்கியது என்று தெரியும். ஆனால் எனக்குள் எங்கே தொடங்கியது என்று தெரியாது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம், துப்பாக்கி சுடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நீ வந்து நின்றாய். நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு இரண்டு கட்டடம் தள்ளி, மரச்சாமான் கடை மாடியில், செல்வம் மாஸ்டர் ஒரு சுடும் கூடம், அவர் பேச்சில் ரேஞ்ச், நடத்திக்கொண்டிருந்தார். கட்டிலும் பீரோவும் அடுக்கி வைத்திருந்த இடம் அது. வார்னிஷ் வாசனை கடைசிவரை போகவே இல்லை. சத்தம் எதிரொலிக்காமலிருக்க முட்டை அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு மேசை, மேசைக்கு நேரே எதிர்ச் சுவரில் ஒரு அட்டை. அந்த நீளமான சந்துக்கு லேன் என்று பெயர். கடை முடிந்ததும் நான் அங்கே வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்து ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன், நீ சுட்டு முடித்ததும் இருவரும் ஒரே வண்டியில் கே.கே. நகர் வீட்டுக்குத் திரும்புவோம். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஒருநாள் மாஸ்டர், "அக்கா, கரெண்ட்ட செலவழிச்சு ஒங்களுக்குப் படிக்க லைட்டுப் போட்டுக் குடுத்திருக்கேன். பதிலுக்கு ஒரு பத்து பெல்லட்டாவது சுட்டுட்டுப் போங்க" என்றார். வெட்கத்தில் எழுந்தேன். காற்றழுத்தத்தில் சுடும் பிஸ்டல்தான், பெரிய சத்தம்கூட வராது. ஆனாலும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் ஒன்று சொன்னார், அதில்தான் நான் விழுந்தேன். "அக்கா, எதிர்ல இருக்க அட்டையத் தெளிவாப் பாக்க ஆசப்படாதீங்க. அது மங்கலாவே இருக்கட்டும். துப்பாக்கி நுனியில ஒரு சின்ன மேடு இருக்குல்ல, அது தெளிவாத் தெரிஞ்சாப் போதும்." காலையிலிருந்து மாலைவரை ஆட்களை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இதுவா?" என்று கேட்டே சம்பாதிக்கிறவள் நான். மங்கலாக இருந்தால் போதும் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்தக் கறுப்பு வட்டம் தண்ணீருக்குள் கிடக்கும் நாவற்பழம் மாதிரி மெல்ல அசைந்துகொண்டிருந்தது. சுட்டது எங்கே பட்டது என்று எனக்கு நினைவில்லை. அந்த அசைவு நினைவிருக்கிறது. அதற்காகவே பின்பெஞ்சை விட்டுவிட்டு, எனக்கும் ஒரு மேசை கேட்டு வாங்கித் தினமும் சுட ஆரம்பித்தேன்.

பிறகு உனக்காக மாஸ்டர் அந்தப் பெட்டியை வாங்கிவந்தார். சோப்பு டப்பா அளவில் ஒரு டைமர். நீ வேகப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தாய். கையைத் தாழ்த்தி நிற்க வேண்டும், அடையாளம் கிடைத்ததும் தூக்கிக் குறிபார்த்துச் சுட வேண்டும், மூன்று நொடிக்குள் முடிய வேண்டும். பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அது கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். எவ்வளவு நேரம் சும்மா இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு. திடீரென்று 'பீப்' என்று கத்தும். அதற்குப் பிறகு துப்பாக்கிச் சத்தத்தைத் தன் காதால் கேட்டு, இத்தனை நேரத்தில் சுட்டாய் என்று பெரிய எண்களில் காட்டும். நம் பிஸ்டலுக்குச் சத்தம் குறைவு என்பதால் மாஸ்டர் அதன் காதை முழுசாகத் திறந்து வைத்தார். முதல்நாளே தேனி பஸ் ஒன்று கீழே ஹாரன் அடிக்க, நீ கையைத் தூக்குவதற்கு முன்பே நேரம் விழுந்துவிட்டது. "டேய், ஒனக்கு முன்னாடி டிரைவர் அண்ணே சுட்டுட்டாருடா!" என்று உன் சிநேகிதன் பாண்டி கத்தினான். அன்றிலிருந்து ரோட்டுப் பக்கத்து ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் பழகினீர்கள்.

எனக்குப் பிடித்தது அந்தச் சும்மா இருக்கும் நேரம். பொத்தான் அழுந்தியாயிற்று, சத்தம் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் கூடத்தில் இருக்கும் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். மின்விசிறி சுற்றுவது கேட்கும். கீழே காளவாசலே எங்கோ தூரத்து ஊர் போல முனகும். எனக்கு அதில் ஒரு தூக்கம் வரும், ஆனால் கண் மூடாத தூக்கம். சின்ன வயதில் கண்மாய்த் தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும்போது மேலே வெயில் உடைந்து உடைந்து தெரியுமே, அப்படி. வேலை, வாடகை, அப்பாவின் டிராக்டர் உதிரிபாகக் கடை, உன் படிப்பு, எதுவும் அங்கே உள்ளே வராது. வரவேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதுவும் எப்போது என்று தெரியாது. தெரியாதது இத்தனை இதமாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆயுதபூஜைக்குக் கூடத்தைக் கழுவினோம். மேசைகளைத் திரும்பப் போடும்போது என் லேன் உன் லேனுக்கு இடதுபக்கமாக வந்து அமைந்துவிட்டது. துப்பாக்கிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தோம். மாஸ்டர் டைமரையும் விடவில்லை. "இதுவும் ஆயுதம்தான்" என்று அதன் திரையின் மேல்மூலையில் நல்ல தடிமனாக ஒரு பொட்டு வைத்தார். பூஜைப் பொட்டை யார் துடைப்பார்கள்? தானாக உதிரும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அடுத்த நாளிலிருந்து உன் கை வேகமாகிவிட்டது. அதுவரை நாலு நொடியைத் தொட்டுக்கொண்டிருந்தவன், மூன்றுக்குள் வந்தாய், பிறகு இரண்டரைக்கு வந்தாய். பாண்டி டைமரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "மாப்ள, பொட்டு வேல செய்யுதுடா." யாரும் அதன் மேல் விரல் படாமல் பார்த்துக்கொண்டார்கள். மழையில் நனைந்த கையோடு வந்தால் மாஸ்டரே, "ஏய், பொட்டு பத்திரம்" என்பார்.

நான் கடையில் சரக்குப் பார்க்க வேண்டி வராமல் போன மாலைகளில் உன் நேரம் திரும்பவும் நாலுக்குப் போனது. அதற்கும் நீ ஒரு காரணம் கண்டுபிடித்தாய். "அம்மா, நீ பக்கத்துல நின்னாத்தான் எனக்கு வருது." அதைக் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதலாளியிடம் தினமும் ஒரு பொய் சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பினேன். உன் பக்கத்தில் நின்று என் அட்டையை நான் சுட்டுக்கொண்டிருப்பேன். இதற்குள் வடக்கே ஒரு துப்பாக்கிப் பயிற்சி விடுதியில் ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவர்களே. மாஸ்டர் உன் நேரங்களைச் சொல்லி உன் பெயரை அனுப்புவதாக இருந்தார். கோயம்புத்தூர் வேலைக்கு வந்த அழைப்பை நீ பீரோ மேலே போட்டுவிட்டாய். வீட்டில் வடக்கத்திக் குளிருக்கு ஸ்வெட்டர் எங்கே வாங்குவது என்கிற பேச்சுவரை போனோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் எதையும் நினைத்துச் செய்யவில்லை. நாளெல்லாம் கண்ணாடி துடைக்கிற கை. மேசையோரத்தில் இருந்த டைமரின் திரையில் தூசியாக இருந்தது, இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துத் துடைத்துவிட்டேன். காய்ந்து போயிருந்த பொட்டு அப்படியே வந்துவிட்டது. "அய்யய்யோ அக்கா!" என்று பாண்டி தலையில் கை வைத்தான். நீ அப்போதுதான் ஒன்று சுட்டிருந்தாய். பொட்டு இருந்த மூலையில் ஒரு சின்ன எண் தெரிந்தது. இரண்டு.

"இது என்ன ரெண்டு?" என்றாய்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "எத்தன சத்தம் கேட்டுச்சுன்னு அதுல காட்டும். நீ ரெண்டு சுட்டியா?"

"ஒன்னுதான் மாஸ்டர்."

அவர் உன்னைப் பார்த்தார், மேசையின் இடது ஓரத்தில் இருந்த பெட்டியைப் பார்த்தார், அதற்கு அந்தப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க கொஞ்சம் சுடாம நில்லுங்க. தம்பி, நீ சுடு." சுட்டாய். நாலுக்குப் பக்கத்தில் வந்தது. மூலையில் ஒன்று. "இப்பத் தம்பி, நீ சும்மா நில்லு. அக்கா, நீங்க எப்பவும் போலச் சுடுங்க." பொத்தானை அழுத்தினார். எனக்கு அப்போதும் எதுவும் புரியவில்லை. கையைத் தாழ்த்தி நின்றேன், அந்தச் சும்மா இருக்கும் நேரம் வந்தது, போனது. சுட்டேன். திரையில் இத்தனை நாள் உன்னுடையது என்று நாங்கள் கொண்டாடிய நேரம் நின்றது.

அப்போதுதான் தெரிந்தது, தம்பி. உன் 'பீப்' சத்தத்துக்கு நான் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அதில் நேரக் கணக்கே கிடையாது. அந்த இடைவெளியில் மிதந்துவிட்டு, சத்தம் வந்ததும் கை தானாக எழுந்திருக்கிறது. பெட்டி முதலில் கேட்ட சத்தத்தைப் பெரிதாகக் காட்டியது. அது என்னுடையது. உன்னுடையது அதற்குப் பின்னால் வந்து, பொட்டுக்கு அடியில் இரண்டாவதாக எண்ணப்பட்டிருக்கிறது. நடுநடுவே நேரம் கூடி நீ முகம் சுளித்த தடவைகளில் நான் சுடாமல் பிஸ்டலில் பெல்லட் குண்டு போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

கூடமே சிரித்தது. "மாப்ள, ஒனக்குப் பதிலா ஒங்கம்மா பரீட்ச எழுதியிருக்காங்கடா" என்று பாண்டி சொன்னபோது மாஸ்டருக்கும் அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தேன், உன் முதுகு கல்லாக இருந்தது. கோரிப்பாளையம் சிக்னலில் சிவப்பு விழுந்தது. முன்னால் நின்ற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே, "நாளையிலருந்து நீ வராதம்மா" என்றாய். "சரி" என்றேன். பச்சை விழுந்தது, போனோம்.

நான் நின்றுவிட்டேன். நீ மட்டும் கொஞ்ச நாள் போனாய். நாலு நொடி மூன்றாகவில்லை. மாஸ்டர் உன் பெயரை அனுப்பவில்லை, நீயும் கேட்கவில்லை. ஒரு காலையில் பீரோ மேலிருந்த அழைப்பை எடுத்துத் தூசி தட்டினாய். ஸ்வெட்டர் பேச்சு அத்தோடு நின்றது. நான் ஒன்றும் கேட்காமல் உனக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் போட்டேன். பிள்ளைக்காக விலகி நிற்பதுதான் தாய் செய்யக்கூடியது என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, ஆனால் அதை யோசிக்காமல் செய்தேன். செய்து, அதில் கொஞ்சம் பெருமையும் பட்டுக்கொண்டேன். அது பிசகு. விலகி நின்ற ஒவ்வொரு மாலையும் உன் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி போல விழுந்துகொண்டிருந்தது, நீ அதைச் சாப்பிட முடியாமல் எழுந்து போனாய்.

எனக்கோ கை சும்மா இருக்கவில்லை. குக்கரை ஏற்றிவிட்டு விசிலுக்காக நிற்கும்போது தோள் தளர்ந்து, மூச்சு மெதுவாகி, அந்த மிதப்பு வந்துவிடும். விசில் வந்ததும் வலது கை கரண்டியோடு மேலே எழும். கடையில் பவர் பார்க்கிற இயந்திரம் 'பீப்' என்றதும் எழுந்தது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாத்தியார் ஒருவர் பயந்து பின்னால் சாய்ந்தார். "ஒன்னுமில்ல சார், ஈ" என்றேன். ஒரு மாலை நீ சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்திருக்கிறாய். குக்கர் விசிலடித்தது, என் கை எழுந்தது, திரும்பினால் நீ.

"ஏம்மா ரேஞ்சுக்குப் போறதில்ல?" என்றாய்.

"நீதான வராதன்னு சொன்ன."

"நான் என் லேன் பக்கம் வராதன்னு சொன்னேன். ஒன் லேனுக்குப் போக வேணாம்னு எப்பச் சொன்னேன்?" சொல்லிவிட்டு, கோபமாக ஒரு வெள்ளரித் துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டு போய்விட்டாய். சிக்னலில் நீ சொன்னது என்ன என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதை இத்தனை நாள் கழித்துத் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாய். உன் வயதில் எனக்கு அது வந்திருக்காது.

மறுநாள் போனேன். மாஸ்டர் என் மேசையைக் கூடத்தின் மறுகோடிக்கு நகர்த்திப் போட்டார், இரண்டு வாரம் கழித்து, "அக்கா, நம்ம ரேஞ்சுலயே ஒரு வேகப் போட்டி வைக்கிறோம். வெளியூர்லருந்தும் வாராக. பேரு குடுத்துட்டேன்" என்றார். "யாரக் கேட்டுக் குடுத்தீக?" என்றேன். "ஒங்க கையக் கேட்டேன்" என்றார். அந்தத் தேதியும் உன் பயணமும் ஒன்றாக வந்து நிற்கும் என்று அப்போது தெரியாது.

தெரிந்தபிறகு விலகிவிடலாமென்றுதான் முதலில் நினைத்தேன். யாரும் தப்பாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். அத்தை மெச்சியிருப்பாள். ஆனால் அன்றைக்கு நடந்ததை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அந்த நேரங்களையெல்லாம் உன்னுடையவை அல்ல என்று உன்னிடமிருந்து எடுத்துவிட்டோம். எடுத்து யாரிடம் கொடுத்தோம்? யாரிடமும் கொடுக்கவில்லை. அது ஒரு வேடிக்கையாக, பெட்டி செய்த கோளாறாக முடிந்துவிட்டது. உனக்கு ஒரு விடுதி போனது, எனக்கு ஒன்றும் வரவில்லை. இழந்தவன் ஒருவன் இருக்கும்போது அந்தப் பொருள் எங்கேயாவது இருக்க வேண்டும் அல்லவா? ஒரே ஒரு காலை, யாரும் பக்கத்தில் இல்லாமல், நான் சுடுவது நான் சுட்டதாக எண்ணப்படட்டும் என்று ஆசைப்படுகிறேன். தோற்றாலும் அது என் எண்ணாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. நான் ஆரப்பாளையத்துக்கு வந்து கையசைத்தால் 'அம்மா எனக்காகப் போட்டியை விட்டாள்' என்பதை நீ கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போவாய். பெட்டியைவிட அது கனமாக இருக்கும், அதை மேலே ஏற்றிவைக்கவும் இடமிருக்காது.

நீ போகிற இடத்திலும் சங்கு ஊதும், மணியடிக்கும், எந்திரம் கத்தும். உன் வேகத்தை யாராவது ஒரு கருவி வைத்து அளப்பார்கள். அளக்கட்டும். ஆனால் ஒருவர் உன்னைத் தூக்கிவைத்துப் பாராட்டும்போது, அதில் எத்தனை பேருடைய சத்தம் சேர்ந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொள். பக்கத்தில் நிற்கிறவனுடையது இருந்தால் அதை அவனிடம் கொடுத்துவிடு. உன்னைக் குறை சொல்லும்போதும் அப்படியே பார். எல்லாம் உன்னுடையதாக இருக்காது. மெதுவாகச் செய்கிறாய் என்று சொன்னால் வெட்கப்படாதே. வேகமில்லாத அந்த நாட்களில் உன் அட்டைகளை நான் எடுத்துப் பார்த்திருக்கிறேன். ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருந்தன. என்னுடையவை சிதறிக் கிடக்கும். நிதானமாகச் சுடுகிற போட்டிகளும் இருக்கின்றன. நீ விரும்பினால் என்றைக்காவது அதில் நில், விரும்பாவிட்டால் வேண்டாம். கோயம்புத்தூரில் லேத் எந்திரத்தின் முன்னால் நிற்கும்போதும் அந்தக் கை உன் கைதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நீ உள்ளே வந்தாய். துவைத்த சட்டைகளை மடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "ஒன்ன எத்தன மணிக்குக் கூப்பிடுவாங்க?" என்றாய். சொன்னேன். "அப்ப நான் திண்டுக்கல்லத் தாண்டிருப்பேன்" என்றாய். மடித்த சட்டையையே மறுபடி மடித்தாய். "ஜெயிச்சா போன் பண்ணு. தோத்தாலும் பண்ணு. அப்பா பண்ணினா ஒன்னுமே வெளங்காது." சட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். இந்தக் கடிதத்தை இத்தோடு கிழித்துப் போட்டிருக்கலாம். கேட்க நினைத்ததற்குப் பதில் வந்துவிட்டது. ஆனாலும் உன்னிடம் சொல்ல ஒன்று மிச்சமிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல்லைத் தாண்டியதும் ஒரு பக்கம் மலை வரும், மறுபக்கம் வெட்டவெளி. பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பாய், அல்லது அப்பா கொடுக்க மறந்த தண்ணீரை நினைத்துக்கொண்டிருப்பாய். என்னைப் பற்றி நினைக்க வேண்டாம், வெளியே பார். நான் கையைத் தாழ்த்தி நின்றிருப்பேன். எதிரே அட்டை மங்கலாகி, உன் பஸ் போகிற ரோடும் அதற்குள் எங்கோ மங்கலாகி, மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். இடதுபக்கமும் வலதுபக்கமும் எனக்குத் தெரிந்த ஒருவரும் நிற்கமாட்டார்கள். நடுவர் பொத்தானை அழுத்தியிருப்பார். சத்தம் இன்னும் வந்திருக்காது.

அம்மா